பிராட்வேக்கு நாடகம் பார்க்கப் போறீங்களா? நாகர்கோவில் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் இருக்கிற மகனையோ மகளையோ பார்க்கப் போகிற பெற்றோர் எங்கள் பக்கத்தில் நிறைய. நான் பல வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், கல்யாண வீட்டுப் பந்தி முதல் வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வார்கள். விசா, குளிர், மருந்துச் சீட்டு எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியில் வருவது இது: “பிள்ளைங்க நியூயார்க்குல நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாங்க, போலாமா?” போகலாம். அதற்கு மேல் வருகிற சந்தேகங்களைக் கேட்டவர்கள் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

“பிராட்வேங்கிறது தியேட்டரா, தெருவா? எனக்க மருமவன் ரெண்டுந்தான்னு சொல்லுதான்.”

மருமகன் சொன்னது சரிதான். பிராட்வே என்பது மன்ஹாட்டனின் தெற்கு முனையிலிருந்து வடக்கே நீளமாக ஓடுகிற சாலை. ஆனால் “பிராட்வேயில் நாடகம் பார்த்தேன்” என்று ஒருவர் சொன்னால், டைம்ஸ் ஸ்கொயரை ஒட்டிய நாடக வட்டாரத்தில் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். அந்தக் கணக்கில் வருகிற அரங்குகள் மொத்தம் 41. ஏறக்குறைய எல்லாமே 41-ஆம் தெருவுக்கும் 54-ஆம் தெருவுக்கும் இடையில், குறுக்குத் தெருக்களில் இருக்கின்றன. லிங்கன் சென்டரில் இருப்பது மட்டும் தள்ளி, 65-ஆம் தெருப் பக்கம். பிராட்வே சாலையிலேயே இருப்பவை சொற்பம் என்பதால், சாலையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். டிக்கெட்டில் எந்தத் தெரு என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

500 இருக்கைகளாவது இருந்தால்தான் அது பிராட்வே அரங்கு. 100 முதல் 499 வரை என்றால் ஆஃப் பிராட்வே. அங்கேயும் அருமையான நாடகங்கள் உண்டு, விலையும் பெரும்பாலும் குறைவு. 1947 முதல் கொடுக்கப்படுகிற டோனி விருது மட்டும் பிராட்வே அரங்குகளில் நடப்பவற்றுக்குத்தான்.

“நம்ம கோயில் கொடை வில்லுப்பாட்டு மாதிரி விடிய விடிய நடக்குமா?”

இல்லை. பெரும்பாலும் இரண்டரை மணி நேரம், நடுவில் கால் மணி நேரம் இடைவேளை. ஒரே நாடகம் வாரத்துக்கு 8 காட்சி நடக்கும். ஓடுகிற வரை ஓட்டுவார்கள். ‘தி பேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ 1988 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரல் வரை ஒரே அரங்கில் 13,981 காட்சிகள் நடந்தது. ‘தி லயன் கிங்’ 1997-இல் தொடங்கியது, ‘விக்கெட்’ 2003-இல். இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

திங்கட்கிழமை பல அரங்குகள் பூட்டியிருக்கும். புதன், சனி, ஞாயிறுகளில் மதியக் காட்சி இருக்கும், பெரும்பாலும் 2 மணிக்கு. இரவுக் காட்சி 7 மணிக்கோ 8 மணிக்கோ. ஊரிலிருந்து போகிற பெரியவர்களுக்கு நான் சொல்வது புதன்கிழமை மதியக் காட்சி. காரணம் பயணத்தைப் பற்றிய பதிலில் வரும்.

“எனக்கு அவங்க பேசுக இங்கிலீஷ் ஒண்ணும் பிடிபடாது. போய் என்ன செய்ய?”

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்க்க உட்கார்கிற எல்லோருக்கும் அந்தப் பதம் புரிந்தா விடுகிறது? கதை தெரியும், முகம் பேசும், செண்டை பேசும். இங்கேயும் அதே வழிதான். கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பாதிக் கவலை தீர்ந்தது. வீட்டில் பிள்ளைகளிடம் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். பாட்டுகளைக் கேட்க வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த நாடகம் என்பது முக்கியம். இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாதாடுகிற வசன நாடகத்துக்குப் போனால், அவர்கள் சிரிக்கும்போது நாம் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆட்டமும் பாட்டும் உடையும் அரங்க அமைப்புமாக இருக்கிற இசை நாடகத்துக்குப் போங்கள். ‘தி லயன் கிங்’கில் மிருகங்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நடந்து வரும். பொம்மையும் நடிகரும் சேர்ந்து ஒரே மிருகமாகத் தெரிவார்கள். நம் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். ‘ஹாமில்டன்’ பெரிய புகழ் பெற்றதுதான், 2015-இல் வந்தது. ஆனால் முழுக்க வேகமான ராப் பாட்டு, அதுவும் அமெரிக்க அரசியல் வரலாறு. அங்கேயே வளர்ந்த பேரப்பிள்ளைகள் ரசிப்பார்கள். பெரியவர்களை அதற்கு முதலில் கூட்டிப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. பல அரங்குகளில் ‘காலாப்ரோ’ என்ற செயலி வேலை செய்யும். மேடையில் பேசுவதும் பாடுவதும் ஆங்கில எழுத்தாக போன் திரையில் ஓடும். திரை கறுப்பாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. காதில் விழுந்து புரியாத ஆங்கிலம், வாசித்தால் புரிகிறவர்கள் நம்மில் நிறைய. வீட்டிலேயே செயலியை இறக்கி வைத்துவிடுங்கள். காது கேட்கும் கருவியும் அரங்கில் கேட்டால் கிடைக்கும்.

“டிக்கெட் எவ்வளவு? டாலர் வேண்டாம், ரூவாயில சொல்லுங்க.”

சராசரியாக ஒரு டிக்கெட் 100 டாலருக்கு மேல். அதாவது எட்டாயிரம் ரூபாய் தாண்டிவிடும். நன்றாக ஓடுகிற நாடகத்தில் நல்ல இருக்கைக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். மேல் மாடியில் பின்வரிசை என்றால் குறையும். வாரக் கடைசியைவிட வார நாளில் மலிவு. இணையத்தில் வாங்கினால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் சேரும். அரங்க வாசலில் இருக்கிற கவுன்டரில் நேரில் வாங்கினால் அது மிச்சம்.

சில நாடகங்களில் அன்று காலை கவுன்டர் திறக்கும்போது போனால் குறைந்த விலை டிக்கெட் கொடுப்பார்கள், அதற்கு ‘ரஷ்’ என்று பெயர். சில நாடகங்களுக்கு இணையத்தில் குலுக்கல் உண்டு. வருடத்தில் இரண்டு தடவை, குளிர்காலத்தில் ஒன்றும் செப்டம்பர் வாக்கில் ஒன்றும், ஒரு டிக்கெட் விலைக்கு இரண்டு என்று ‘பிராட்வே வீக்’ நடத்துவார்கள். உங்கள் பயணம் அந்தச் சமயத்தில் அமைந்தால் விடாதீர்கள்.

“செவப்பு படிக்கட்டுக்கு கீழ பாதி விலைக்கு கிடைக்குமாமே? உண்மையா?”

உண்மை. 47-ஆம் தெருவில், ஃபாதர் டஃபி ஸ்கொயரில் இருக்கிறது டி.கே.டி.எஸ். என்கிற சாவடி. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 1973 முதல் நடத்துகிறது. அன்றைய காட்சியில் விற்காமல் மிஞ்சியதைத் தள்ளுபடியில் கொடுப்பார்கள். பாதி விலை வரை குறையும். எல்லாமே பாதி விலை அல்ல, சிலது 20, 30 சதவீதம்தான்.

விற்காமல் மிஞ்சியதுதான் அங்கே வரும் என்பதை மறக்காதீர்கள். குறிப்பிட்ட ஒரு நாடகம்தான் வேண்டும் என்று மனதில் வைத்துப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. பலகையில் இருப்பதில் ஏதாவது ஒன்று போதும் என்கிறவர்களுக்கு அருமையான இடம். வரிசை நீளமாக இருக்கும், வெயிலோ குளிரோ வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும், நீங்கள் 2008-இல் கட்டிய அந்தச் சிவப்புக் கண்ணாடிப் படிகளில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். அதற்குக் காசு கிடையாது.

“தெருவுல ஒருத்தன் டிக்கெட் வச்சிட்டு கூப்பிடுதான். வாங்கலாமா?”

வேண்டாம்.

இணையத்திலும் இதே ஆள் இருக்கிறான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு. நாடகத்தின் பெயரைத் தேடினால் முதலில் விளம்பரமாக வருகிற பக்கங்கள் பல, மறுவிற்பனைக்காரர்களுடையவை. ஒன்றுக்கு இரண்டு விலை போடுவார்கள். நாடகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அது எந்த விற்பனைத் தளத்துக்கு அனுப்புகிறதோ அங்கே மட்டும் வாங்குங்கள்.

“மவன் வீடு எடிசன்ல. கார்லயே போயிரலாமா?”

கூடாது. டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் கார் நிறுத்தும் செலவு ஒரு டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். தவிர, 2025 ஜனவரி முதல் மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவிலிருந்து தெற்கே காரில் நுழையவே தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். எடிசனிலிருந்து என்.ஜே. டிரான்சிட் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நியூயார்க் பென் ஸ்டேஷன். அங்கிருந்து நாடக வட்டாரம் ஒரு கிலோமீட்டர் நடை. நடக்க முடியாதவர்கள் சப்வேயில் 1, 2, 3 எண் ரயில்களில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் டைம்ஸ் ஸ்கொயர். பஸ்ஸில் வருகிறவர்கள் 8-ஆவது அவென்யூவில் போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து இன்னும் கிட்டம்.

ஒரு எச்சரிக்கை. வழியில் நியூவார்க்கிலும் ஒரு பென் ஸ்டேஷன் வரும். “பென் ஸ்டேஷன்” என்ற சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. நியூயார்க் என்று சொன்னால் மட்டும் இறங்குங்கள்.

மதியக் காட்சியைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இரவுக் காட்சி முடிந்து ரயில் பிடித்து எடிசன் வீடு சேர நள்ளிரவாகும். மறுநாள் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அது கஷ்டம். ஆனால் புதன்கிழமை மதியக் காட்சி விடுவது ஐந்து மணிவாக்கில், அலுவலகக் கூட்டம் ரயிலை அடைக்கிற நேரம். ஓட வேண்டாம். அங்கேயே சாப்பிட்டுவிட்டு விளக்குகளையும் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார்ந்து போகலாம்.

“அம்மைக்கு முட்டுவலி. படி ஏற முடியாது. எந்த சீட்டு எடுக்கணும்?”

கீழ்த்தளம், அதாவது ‘ஆர்கெஸ்ட்ரா’. அதற்கு மேலே ‘மெஸனைன்’, அதற்கும் மேலே ‘பால்கனி’. பல அரங்குகள் நூறு வயதைத் தாண்டியவை. லைசியம், நியூ ஆம்ஸ்டர்டாம் இரண்டும் 1903-இல் திறந்தவை. பழைய அரங்குகள் பலவற்றில் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்து, இருக்கை வரிசைகள் நெருக்கம், முட்டு முன் இருக்கையில் இடிக்கும். மெஸனைன் முன்வரிசையில் காட்சி பிரமாதமாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனாலும் முட்டுவலிக்காரருக்கு அது வேண்டாம்.

1970-களில் கட்டிய கெர்ஷ்வின், மின்ஸ்காஃப் போன்றவற்றில் எஸ்கலேட்டர் உண்டு. ‘விக்கெட்’ கெர்ஷ்வினில், ‘தி லயன் கிங்’ மின்ஸ்காஃபில். மொழிக்கும் முட்டுக்கும் சேர்த்து ஒரே நாடகம் சொல்லச் சொன்னால் நான் பின்னதைச் சொல்வேன். நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையாகக் கேளுங்கள், காலை நீட்டலாம். சக்கர நாற்காலி என்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கென்று இருக்கைகள் ஒதுக்கியிருப்பார்கள்.

“கேக்கதுக்கு ஒரு மாதிரி இருக்கு… பாத்ரூம்?”

கேட்கத்தான் வேண்டும். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நினைத்தே நாடகம் வேண்டாம் என்கிறார்கள். அரங்குக்குள் உண்டு, ஆனால் குறைவு. இடைவேளையில் பெண்கள் வரிசை மாடிப்படி வரை நிற்கும். ஊழியர்களும் வேகமாகத்தான் அனுப்புவார்கள், இருந்தாலும் கால் மணி நேரம் சரியாகப் போய்விடும். அரங்கம் அரை மணி நேரம் முன்னால் திறக்கும்போதே உள்ளே போய் அந்த வேலையை முடித்துவிடுங்கள். டைம்ஸ் ஸ்கொயரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொதுக் கழிப்பறை கிடைப்பது அரிது. பென் ஸ்டேஷனிலோ போர்ட் அத்தாரிட்டியிலோ போய்விட்டு வருவது நல்லது.

“வேட்டி கட்டிட்டுப் போலாமா? கோட்டு தச்சு எடுக்கணுமா?”

வேட்டி, சேலை, ஜீன்ஸ் எதுவானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே ஏ.சி. ஆகஸ்ட் மாதத்திலும் நடுங்க வைக்கும். சால்வை ஒன்று கட்டாயம். பெரிய பை கொண்டு போகாதீர்கள், வாசலில் சோதனை உண்டு.

“பேரப்புள்ளைக்கு மூணு வயசு. மடியில வச்சுக்கிட்டா டிக்கெட் வேணுமா?”

பொதுவாக 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். குழந்தைகளுக்கான நாடகங்களில் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உள்ளே வருகிற எல்லோருக்கும் டிக்கெட் வேண்டும், மடிக்கணக்கு செல்லாது. யாராவது ஒருவர் குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். அது எப்போதும் பாட்டியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

“பொம்மை வேஷம் போட்டவன் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துட்டு காசு கேக்கான். குடுக்கணுமா?”

அவர்கள் கேட்பது அன்பளிப்பு. சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் போட்டோ எடுத்துவிட்டு அங்கே நின்று வாதாடவும் முடியாது. பக்கத்தில் நிற்பதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் கையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். ‘இலவச’ சி.டி. நீட்டுகிறவர், கையில் மணிமாலை மாட்டிவிடுகிற காவி உடைக்காரர் எல்லோருக்கும் இதே பதில்.

“சோறு கிடைக்குமா?”

நாடக வட்டாரத்தில் 46-ஆம் தெருவில் ‘ரெஸ்டாரன்ட் ரோ’ என்று உணவகங்களாக இருக்கும், விலை கொஞ்சம் காரம். 9-ஆவது அவென்யூவில் பல நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். தள்ளுவண்டிகளில் சோறும் கோழியும் விற்பார்கள், வயிறு நிறையும். இட்லி, தோசைதான் வேண்டும் என்றால் லெக்சிங்டன் அவென்யூவில் 27, 28-ஆம் தெருப் பக்கம் ‘கறி ஹில்’ என்று சொல்வார்கள், அங்கே போகணும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மகன் வீட்டில்தான். வெளிச் சாப்பாட்டை அரங்குக்குள் பிரிக்கக் கூடாது.

“ரெண்டு நிமிசம் வீடியோ எடுத்து வாட்சப்ல போட்டா என்ன?”

காட்சி நடக்கும்போது போட்டோவும் கூடாது, வீடியோவும் கூடாது. ஊழியர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து நிற்பார், மீறினால் வெளியே அனுப்புவார்கள். தொடங்குவதற்கு முன் இருக்கையில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிளேபில்’ என்ற நிகழ்ச்சிப் புத்தகம் எல்லோருக்கும் இலவசமாகத் தருவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தால் ஊருக்கு அனுப்பப் போதும்.

“ரயில் லேட்டாயிட்டு. உள்ள விடுவாங்களா?”

சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள். பிந்தி வந்தால் கதையில் ஒரு தோதான இடம் வரும் வரை பின்னால் நிறுத்தி வைத்துத்தான் இருக்கைக்கு அனுப்புவார்கள். சில நாடகங்களில் அந்த இடம் இருபது நிமிடம் கழித்துத்தான் வரும்.

“போஸ்டர்ல இருந்த நடிகர் அன்னைக்கு வரல. காசு திருப்பித் தருவாங்களா?”

இது கொஞ்சம் சிக்கலானது. நாடகத்தின் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போட்டு விளம்பரம் செய்திருந்தால், பொதுவாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். திரை உயர்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். மற்ற நடிகர்கள் வராவிட்டால் அதெல்லாம் கிடையாது. அவர் பாத்திரத்தைப் படித்து வைத்திருக்கிற மாற்று நடிகர் நடிப்பார், பிளேபில்லுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மாற்று நடிகர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பல இரவுகளில் அவர்கள்தான் வெளுத்து வாங்குவார்கள்.

“ஊர்ல இருந்தே ஆறு மாசம் முன்னால டிக்கெட் எடுத்து வச்சா மலிவா இருக்குமே?”

விமான டிக்கெட் கணக்கு இங்கே செல்லாது. கூட்டம் வராத நாடகத்தைச் சில வார அறிவிப்பில் நிறுத்திவிடுவார்கள். நாடகமே நின்றுபோனால் பணம் திரும்ப வரும். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல், விசா தள்ளிப்போனது, பனிப்புயலில் ரயில் நின்றது என்றால், காட்சி நடந்துவிட்டால் பணம் திரும்பாது. அங்கே போய்ச் சேர்ந்து, நேர மாற்றக் களைப்பு தீர்ந்து, ஒரு வாரம் கழித்து வருகிற புதன்கிழமைக்கு வாங்குங்கள். கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது விலையும் கூட்டமும் உச்சியில் இருக்கும், முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

“நம்ம ஆளுங்க யாராவது அங்க நாடகம் போட்டிருக்காங்களா?”

ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002-இல் லண்டனில் தொடங்கி, 2004-இல் பிராட்வேக்கு வந்தது. ‘பிராட்வே தியேட்டர்’ என்றே பெயர் கொண்ட அரங்கில் நடந்தது. தமிழ் நாடகம் பார்க்க வேண்டும் என்றால் நியூ ஜெர்சித் தமிழர்கள் பள்ளி அரங்குகளை வாடகைக்கு எடுத்துப் போடுவார்கள். பொங்கல் சமயத்தில் அங்கே இருந்தால் விசாரியுங்கள். ஒழுகினசேரியில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்த கலைவாணரின் ஊர்க்காரர்கள் நாம், அதையும் போய்ப் பார்க்க வேண்டாமா?

“எனக்க மவ லண்டன்லயாக்கும் இருக்கா. இதெல்லாம் அங்கயும் பொருந்துமா?”

பெரும்பாலும் பொருந்தும். அங்கே அந்த வட்டாரத்துக்கு ‘வெஸ்ட் எண்ட்’ என்று பெயர். தள்ளுபடிச் சாவடியும் அதே டி.கே.டி.எஸ். பெயரில் லெஸ்டர் ஸ்கொயரில் இருக்கிறது. விலை பொதுவாக நியூயார்க்கைவிடக் குறைவு. பழைய அரங்குகள், செங்குத்துப் படிகள் விஷயத்தில் மேலே முட்டுவலிக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். கீழ்த்தளத்துக்கு அங்கே ‘ஸ்டால்ஸ்’ என்று பெயர். 1952-இல் தொடங்கிய ‘தி மவுஸ்ட்ராப்’ கொலைக்கதை நாடகம் அங்கேதான் நடக்கிறது, ஆனால் அது முழுக்க வசனம். நிகழ்ச்சிப் புத்தகத்தை அங்கே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இடைவேளையில் சின்னக் கப்பில் ஐஸ்கிரீம் விற்பார்கள், மூடிக்குள்ளேயே கரண்டி இருக்கும்.